செம்பருத்தி தடவிய கத்தி

எலுமிச்சம்பழத்தை இப்போதெல்லாம் நான் ரசத்துக்கு மட்டும்தான் அறுக்கிறேன். அதற்கு முன்னால் கத்தியைக் குழாயடியில் இரண்டு தடவை கழுவுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு என்ன தெரியும். பழம் பிளந்து, சாறு அதன் நிறத்திலேயே வடிகிற வரைக்கும் எனக்கு மூச்சு சீராக வருவதில்லை.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அறிவியல் வேடிக்கை காட்டுகிறவள் நான். கல்லூரி லேப்பில் இருபது வருஷம் குடுவை கழுவி, மற்றவர்கள் நடத்திய பாடத்துக்குச் சாமான் எடுத்து வைத்து, ஒரு நாள் துறைத் தலைவரிடம் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவள். எனக்கு வாய் அதிகம். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என்னோடு வருகிறவர் பம்ப்செட் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னை அம்மணி என்பார். மேடையில் பேசுவது நான், சாமான் செய்வது அவர்.

அவர் செய்கிற சாமான்களைப் பார்த்தால் பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். பழைய மோட்டாரின் சுழலும் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் குழிக்குள் ஓர் அலுமினிய டம்ளரை நிறுத்திக் கரண்டைக் கொஞ்சமாக விடுவார். யாரும் தொடாமலே டம்ளர் கிர்ரென்று சுற்றும். செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால், விளக்கெண்ணெயில் விழுந்த மாதிரி மெதுவாக இறங்கி வரும். பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, வாயில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, உள்ளே ஊதுபத்திப் புகையை நிரப்பித் தட்டினால் புகை வளையம் வளையமாகப் பறந்துபோய்க் கடைசி வரிசைப் பிள்ளைகளின் முடியைக் கலைக்கும். பிள்ளைகள் போடுகிற கூச்சலில் தகரக் கூரை அதிரும். அந்தக் கூச்சலுக்காகத்தான் கோயமுத்தூர் உக்கடத்தில் விடிகாலையில் அவருடைய ஆம்னி வேனில் ஏறிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக அலைந்தோம்.

கடைசி உருப்படி மந்திரவாதி. அது முழுக்க முழுக்க என்னுடையது. கறுப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைகளின் தலையைச் சுற்றி எடுத்து, கத்தியால் அறுப்பேன். பழத்திலிருந்து ரத்தம் சொட்டும். விஷயம் ஒன்றுமில்லை. செம்பருத்திப் பூவைக் கசக்கிக் கத்தியில் தடவிக் காயவைத்திருப்பேன், எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் அந்தச் சாறு சிவப்பாக மாறும். பழைய இரும்புக் கத்தியில் காய்ந்த பூச்சாறு கறை மாதிரிதான் தெரியும் என்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ரத்தம் சொட்டும்போது ஒரு வாக்கும் சொல்வேன். உன் வீட்டுக்கு இன்ன திசையிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறது, அது வந்ததிலிருந்துதான் இந்தக் கஷ்டம் என்று ஏதாவது வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். அப்புறம் பழத்தின் ரகசியத்தை உடைத்துவிட்டு, யார் யார் வீட்டுக்கு அந்தத் திசையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேட்பேன். முக்கால்வாசிக் கை தூக்கப்படும். எல்லார் வீட்டுக்கும் எல்லாத் திசையிலிருந்தும் யாராவது வந்துதானே இருப்பார்கள், இதை வைத்துத்தான் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று முடிப்பேன். பிள்ளைகள் ஏமாந்துபோன வெட்கத்தோடு சிரிப்பார்கள்.

இதில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதல் பாதியை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் காட்டுவேன், ரகசியத்தைச் சாப்பாட்டுக்குப் பின்னால்தான் சொல்வேன். சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சண்டை போட வேண்டும், பழத்துக்குள் ஊசி போட்டிருப்பார்கள், கத்தியில் மிளகாய்ப்பொடி இருந்தது என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும், அதுதான் அறிவியல் என்பது என் எண்ணம். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் கையோடு சொல்லிவிடலாம் என்று அண்ணா ஒரு முறை தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் காயிலைக் கட்டுங்கள், பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

போன ஆடி மாதம் தாராபுரத்துக்குக் கிழக்கே ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். காற்றாலைகள் நிற்கிற வெட்டவெளி. ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேனின் கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும். நான் பழத்தை அறுத்து ரத்தம் சொட்டுகிற நேரத்தில் மேற்குப் பக்கத்து ஜன்னல் ஒன்று படாரென்று அடித்தது. பிள்ளைகள் வீல் என்று கத்தின. எனக்கு அது போதாதா. கத்தியை அப்படியே அந்த ஜன்னல் பக்கம் நீட்டி, மேற்கே இருந்து வந்த பெண் ஒருத்தி, அவள் கால் வைத்ததிலிருந்துதான் இந்த ரத்தம் என்றேன். குரலைக் கனமாக்கிக்கொண்டு நன்றாகவே சொன்னேன், எனக்கே மயிர் சிலிர்த்தது.

அப்போது வாசலில் சத்துணவு சமைக்கிற அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. சோறு ஆகிவிட்டது என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பரிமாறி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் நான் செம்பருத்திப் பூவைக் கையில் எடுத்தேன்.

ஆவணி கடைசியில் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை போன் செய்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. சமையல் அம்மாவின் மகன் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். அவனுக்குக் கிணத்துக்கடவிலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். பிறந்த குழந்தை நாற்பது நாளில் இறந்துவிட்டது. பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆடி கழிந்ததும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் போய்க் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. அந்த அம்மாவே பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம், மருமகளுக்கு ஒரு சேலை கூட எடுத்து வைத்திருந்தாராம். இப்போது போக மாட்டேன் என்கிறார். கேட்டால், கோயமுத்தூரிலிருந்து வந்த அம்மணி ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிட்டது என்கிறார். கிணத்துக்கடவு அந்த ஊருக்கு நேர் மேற்கு.

அதெல்லாம் வேடிக்கை என்று ஆசிரியைகள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சொன்னது நீங்கள் இல்லையே, சொன்னவர்கள் வந்து சொல்லட்டும் என்றாராம்.

மறுநாளே போனோம். வழியெல்லாம் எனக்குத் தைரியம்தான். நானே போய் விளக்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன், அரை மணி நேர வேலை. அந்த அம்மாவின் வீட்டு வாசலிலேயே ஒரு செம்பருத்திச் செடி பூத்து நின்றது, பார்த்ததும் எனக்கு சந்தோஷம் வேறு. காபி கொடுத்தார். அவர் வீட்டுப் பூ, அவர் வீட்டு அரிவாள்மனை, அவர் வீட்டு எலுமிச்சம்பழம். அவர் கையாலேயே பூவைத் தேய்க்கச் சொன்னேன், அவரையே அறுக்கச் சொன்னேன். சிவப்பு சொட்டியது. ஒரு பழத்தில் நம்பாவிட்டால் என்ன செய்வது என்று மூன்று பழம் அறுக்கவைத்தேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு பழத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ரத்தம் பூவுல வந்ததுங்க, ஒத்துக்கறேன். மேக்கேன்னு உங்க வாயில எப்படீங்க வந்துச்சு?"

ஜன்னல் அடித்தது என்றேன். காற்று என்றேன். எல்லார் வீட்டுக்கும் எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வந்திருக்கும் என்றேன். பிள்ளைகள் கை தூக்கியதைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது ஒரு சுவர் மாதிரி, முட்டிக்கொண்டால் நமக்குத்தான் வலிக்கும். காற்று தினமும்தான் அடிக்கிறது, பெண் ஒருத்தி கால் வைத்ததிலிருந்து என்று உங்களை யார் சொல்லச் சொன்னது என்று திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மருமகளை வெறுக்கிறவர் முகம் இல்லை அது, எப்படியாவது என்னை நம்பவை என்று கெஞ்சுகிற முகம். அதை நான் அன்றைக்குப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"மாரியம்மன் கோயில்ல வந்து கற்பூரம் அணைச்சுச் சொல்லிப்போடுங்க அம்மணி. எனக்கு ஒண்ணும் தெரியாது, வாய்க்கு வந்ததச் சொன்னேன்னு. நாளைக்கே போயி புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்துபோடறேன்."

எங்கள் பக்கத்தில் கடைசிக் கோர்ட்டு அதுதான். சாமிக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். வரப்புத் தகராறு, காணாமல் போன ஆடு, எத்தனையோ அதில் முடிந்திருக்கிறது. பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் விளங்காது என்று நம்பிக்கை. கோயில் அந்தத் தெருக் கோடியில்தான் இருந்தது. எழுந்து நூறு அடி நடந்திருந்தால் போதும்.

நான் மாட்டேன் என்றேன்.

சும்மா மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிரசங்கம் செய்தேன். கற்பூரம் ஒரு பொருள், எரியும், அணையும், அதற்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது என்றேன். இன்றைக்கு நான் அதை அணைத்தால் உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் முகத்தில் நாளைக்கு எப்படி முழிப்பேன், என் வார்த்தை போதாதா என்று கேட்டேன். அண்ணா குறுக்கே வந்து, நான் அணைக்கிறேன், நானும்தானே கூட இருந்தேன் என்றார். சொன்ன வாய்தான் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மா பணிவாகச் சொல்லிவிட்டார். அப்புறம் அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. சரிங்க என்றார். வாசல் வரைக்கும் வந்து, பார்த்துப் போங்க, காத்து அதிகம் என்று வழியனுப்பினார்.

வேனில் வரும்போது அண்ணாவுக்கும் எனக்கும் நல்ல சண்டை. அவர் சத்தம் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஒரு பெண்ணுடைய வாழ்க்கை, உங்களுக்குக் கொள்கை பெரிதாகப் போய்விட்டதா என்றார். கொள்கைதான் பெரிது, இப்படி ஒவ்வொருவருக்காகவும் வளைந்து கொடுத்தால் நாம் எதற்கு ஊர் ஊராகப் போகிறோம் என்று நானும் கத்தினேன். பல்லடம் வரைக்கும் கத்தினோம்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. ரகசியத்தை உடைக்கும் பகுதியை வீடியோ எடுத்துத் தலைமை ஆசிரியைக்கு அனுப்பினேன். நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அந்த அம்மா வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தார், கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார் என்று பதில் வந்தது. தீபாவளி போனது. மனதுக்குள் ஒரு முள் இருந்தாலும், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தை பிறந்து பத்து நாளில் மறுபடியும் போன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி உறவை முறித்துவிட்டார்களாம். பெண் வீட்டுச் சீர்ப் பாத்திரங்கள் டெம்போவில் ஏறி கிணத்துக்கடவுக்குப் போய்விட்டன.

அண்ணாவைக் கூப்பிட்டு உடனே வண்டியை எடுக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அம்மா பள்ளி அடுப்படியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு வாருங்கள், நான் அணைக்கிறேன், இப்போதே அணைக்கிறேன் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

"இப்ப எதுக்குங்க அம்மணி. நீங்க அன்னைக்கு அணைக்காம எந்திரிச்சுப் போனீங்களே, அதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. பொய் சத்தியம் பண்ண மனசு வரலீங்க உங்களுக்கு. நல்லவங்க நீங்க."

என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொன்னார். உண்மையிலேயே சமாதானப்படுத்தினார், முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்கு ரத்தத்தில் எல்லாம் தெரிந்திருக்கிறது, அதை மறைத்துப் பேச மட்டும் நினைத்தேன், சாமிக்கு முன்னால் மறைக்கத் துணிச்சல் வரவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொன்னாலும் இனி அது பெரிய மனதுக்காரியின் பொய்.

அன்றிலிருந்து என்னால் மந்திரவாதி ஆக முடியவில்லை. கறுப்புத் துண்டை அண்ணா எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. டம்ளர் சுற்றுகிறது, காந்தம் இறங்குகிறது, பிள்ளைகள் கத்துகின்றன, நானும் சிரிக்கிறேன். ஆனால் எந்தப் பள்ளியானாலும் பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு அம்மா கரண்டியோடு வந்து நிற்பார். யாரோ ஒருவர், எனக்குத் தெரியாத முகம். பேசிக்கொண்டிருக்கிற வாக்கியம் எனக்கு அப்படியே நின்றுவிடும். வீட்டில் காற்றுக்கு ஜன்னல் அடித்தால் என் வலது கை தன்னால் மேலே எழுகிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை. பேய் பிசாசு இல்லை என்று மேடை மேடையாகச் சொன்னவள் நான், இப்போது எனக்குப் பயம்.

மாசியில் கிணத்துக்கடவுக்குப் போனேன். அண்ணா வேனிலேயே இருந்துகொண்டார். அந்தப் பெண் தேங்காய் உலர்த்துகிற ஒரு கொப்பரைக் களத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். நான் யார் என்று சொன்னதும் பயந்துபோய் எழுந்து நின்றாள். என் வாயைத்தான் பார்த்தாள். அதிலிருந்து இன்னும் ஏதாவது வந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூ, கத்தி, ஜன்னல், காற்று, சாப்பாட்டுக்கு முன்னால் பாதி பின்னால் பாதி, ஒன்றையும் விடவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப எம் பாலுல ஒண்ணும் இல்லீங்களே?"

ஒன்றும் இல்லை கண்ணு, ஒன்றுமே இல்லை என்றேன். அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஏழு மாதமாக அதை யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்திருக்கிறாள். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு அந்தக் கடைசி விஷயத்தையும் மறைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் மாமியார் ஒரு வழி சொன்னார், கற்பூரம் அணைத்தால் மறுநாளே உன்னைக் கூட்டிக்கொள்வதாகச் சொன்னார், நான் அணைக்கவில்லை என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கற்பூரத்தில் சாமி இருக்கிறது என்று நான் நம்புகிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்ப உங்களுக்கு அது வெறும் கற்பூரந்தானுங்களே. அணைச்சுப்போட்டு வந்திருக்கலாமுங்களே."

குத்திக்காட்டவில்லை. எதற்காக அணைக்கவில்லை என்று உண்மையாகவே புரியாமல் கேட்டாள். நான் எழுந்து வேனுக்கு வந்துவிட்டேன்.